காலத்தைத் திருப்பும் கேமுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இளவரசன் சுவரில் நாலு எட்டு ஓடுகிறான். ஐந்தாவது எட்டில் எம்பி எதிர்ச்சுவருக்குத் தாவ வேண்டும். நான் அரை நொடி பிந்திவிட்டேன். கால் நழுவுகிறது. கீழே கூர்முனைகள் காத்திருக்கின்றன. விரல் தானாக எல்1 பட்டனுக்குப் போகிறது. சத்தமெல்லாம் உள்ளே இழுபடுகிறது, விழுந்துகொண்டிருந்தவன் மேலே ஏறுகிறான், கால்தடம் பின்வாக்கில் சுவரில் படிகிறது, பழையபடி விளிம்பில் வந்து நிற்கிறான். விரலை எடுக்கிறேன். மூச்சு விடுகிறேன். மறுபடி ஓடுகிறேன்.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ 2003-ல் யுபிசாஃப்ட் மான்ட்ரியால் ஸ்டுடியோவிலிருந்து வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் இந்தக் கேமைப் பற்றி யாராவது எழுதினால் விடாமல் படிப்பேன். பலரும் கிராபிக்ஸ், கதை, இசை, கேம்பிளே என்று நாலு கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு முடித்துவிடுகிறார்கள். மேலே சொன்ன அந்த ஐந்து நொடி அந்த நாலு கட்டத்தில் எதிலும் அடங்காது. அதைப் பிடிக்காமல் விட்டால் கேமையே விட்ட மாதிரிதான்.

குட்டிக்கரணமும் சுவரோட்டமும் காலக் கட்டுப்பாடும் சேர்ந்த எந்தக் கேமுக்கும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இங்கே ஒரு தப்புக்கு என்ன விலை? அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, விளையாடத் தொடங்குவதிலிருந்து விமர்சனத்தை வெளியிடுவது வரை நான் செய்வதைப் படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணமெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரே கேமிலிருந்து. முறை மற்ற கேம்களுக்கும் பொருந்தும்.

படி 1: எந்தப் பதிப்பு, எந்தக் கை

பழைய கேம் என்றால் ஒரே பெயரில் பல உருவம் இருக்கும். ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், பிசி எல்லாவற்றுக்கும் வந்தது. 2010-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு எச்டி ரீமாஸ்டர் வந்தது. கேம்பாய் அட்வான்ஸில் அதே பெயரில் இருப்பது முற்றிலும் வேறு, பக்கவாட்டில் நகரும் 2டி கேம். நீங்கள் எதை விளையாடினீர்கள் என்பது விமர்சனத்தின் முதல் பத்திக்குள் வந்துவிட வேண்டும்.

பிசியில் விளையாடுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. இன்றைய கிராபிக்ஸ் கார்டில் பழைய பிசி பதிப்பின் மூடுபனி ஒழுங்காக வராமல் படுத்தும். செட்டிங்கில் அதை மாற்றிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அகலத் திரைக்காகச் செய்த கேமும் கிடையாது. இதையெல்லாம் சரிசெய்யாமல் ‘பார்க்க நன்றாக இல்லை’ என்று எழுதினால், அந்த வரி உங்கள் கணினியைப் பற்றியது.

கீபோர்டா, கன்ட்ரோலரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரின் அனலாக் குச்சியைச் சாய்த்துச் சுவரோடு சேர்ந்து வளைந்து ஓடுவதற்கும், நாலு எழுத்துச் சாவியைத் தட்டி ஓடுவதற்கும் விரலில் தெரியும் வித்தியாசம் பெரிது. நான் முதல் தடவை கீபோர்டில் விளையாடி, இளவரசன் அடிக்கடி கோணம் தப்பிக் குதிக்கிறான் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நண்பனின் கன்ட்ரோலரில் அதே அறையை ஆடியபோதுதான் எங்கே தப்பு என்று புரிந்தது.

படி 2: திருப்பல் கணக்கு

இதுதான் முறையின் முதுகெலும்பு, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இளவரசன் கையில் இருக்கும் காலக் கத்தியால் கடந்த பத்து விநாடி வரை பின்னால் இழுக்கலாம். ஒவ்வொரு முறையும் கத்தியில் இருக்கும் மணலில் ஒரு கலம் காலியாகும். மணல் தீர்ந்தால் திருப்ப முடியாது. மணலை நிரப்ப வீழ்த்திய அரக்கர்களைக் கத்தியால் குத்தி உறிஞ்ச வேண்டும். வழியில் மிதக்கும் மணல் மேகங்களைச் சேர்த்தால் கலங்களின் எண்ணிக்கை கூடும். ஆக, மன்னிப்பு உண்டு, அளவோடு உண்டு. கேமின் முழுப் பொருளாதாரமும் இதுதான்.

ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நெடுக்குக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தி ‘என் தப்பு’. இரண்டாவது ‘கேமராவின் தப்பு’. மூன்றாவது ‘கேமின் தப்பு’. ஒவ்வொரு முறை காலத்தைத் திருப்பும்போதும், ஆட்டத்தைச் சற்று நிறுத்திவிட்டு, எந்தப் பத்தியில் சேரும் என்று ஒரு கோடு போடுங்கள். அருகில் இரண்டே வார்த்தை: ‘பிந்தித் தாவினேன்’, ‘தூண் மறைத்தது’, ‘பிடி தெரியவில்லை’.

தொடக்கத்தில் இது தொல்லையாகத்தான் இருக்கும். இரண்டாவது மணி நேரத்துக்குள் பழகிவிடும். அதற்குள் நோட்டு பேச ஆரம்பிக்கும்.

‘என் தப்பு’ பத்தி நீண்டுகொண்டே போனால் அது கேமுக்குப் பெருமை. விழுந்தவனுக்கு ஏன் விழுந்தோம் என்று தெரிகிறது, அடுத்த முறை திருத்திக்கொள்ள முடிகிறது என்று அர்த்தம். ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ நோட்டில் என் கோடுகள் பெரும்பாலும் அங்கேதான் விழுந்தன.

‘கேமராவின் தப்பு’ பத்திதான் இந்த வகைக் கேம்களின் தீராத நோய். விளிம்பில் தொங்கிக்கொண்டு இடப்பக்கம் நகர்கிறீர்கள். திடீரென்று கேமரா தன் கோணத்தை மாற்றிக்கொள்கிறது. உங்கள் இடது இப்போது திரையின் வலது. விரல் பழைய திசையிலேயே இருக்கிறது. அவ்வளவுதான், கீழே. இந்தக் கேமில் இது நடக்கிறது. குறிப்பாகக் குறுகலான அறைகளில் சண்டை நடக்கும்போது சுவர் கேமராவை நெருக்க, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே தெரியாமல் போகிறது. அது எந்த அறையில், எத்தனை முறை நடந்தது என்று நோட்டில் இருந்தால், ‘கேமரா சில இடங்களில் சரியில்லை’ என்ற எல்லோரும் எழுதும் வரிக்குப் பதிலாக இடம் சொல்லி எழுதலாம்.

‘கேமின் தப்பு’ என்பது, வழி எது என்று கண்ணுக்குக் காட்டாமல் குதிக்கச் சொல்வது. பிடிக்க முடிந்த விளிம்பும் பிடிக்க முடியாத அலங்கார விளிம்பும் ஒரே மாதிரி இருந்தால் அந்தக் கோடு இங்கே.

நான் மூன்று பத்தியோடு ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் நாலாவது ஒன்று போட வேண்டியிருந்தது. அதற்கு ‘ஆசைக்கு’ என்று பெயர் வைத்தேன். தப்பே நடக்கவில்லை, ஆனாலும் திருப்பினேன். ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்குப் பறந்து, அங்கிருந்து கம்பியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியது அவ்வளவு அழகாக இருந்தது, மறுபடி செய்து பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு கலம் மணலை அதற்காகவே செலவழித்தேன். நாலாவது பத்தியில் ஒரு கோடாவது விழுந்த கேமுக்கு நான் மோசமான விமர்சனம் எழுதியதே இல்லை.

படி 3: உடம்பைப் பார்ப்பது

குட்டிக்கரணக் கேமில் நாயகனின் உடம்புதான் மொழி. அதை எடைபோட நான் ஒரே அறையை மூன்று தடவை ஆடுவேன்.

முதல் தடவை, எப்படியாவது கடந்து போவதற்கு. இரண்டாவது தடவை, என் விரலைக் கவனிப்பதற்கு: பட்டனை அழுத்தியதும் உடனே குதிக்கிறானா, அல்லது ஓட்டத்தின் அடுத்த எட்டு விழும்வரை காத்திருந்து குதிக்கிறானா? மூன்றாவது தடவை, விரலை மறந்துவிட்டு அவன் உடம்பை மட்டும் பார்ப்பதற்கு: எடை எங்கே விழுகிறது, இறங்கியதும் முழங்கால் மடிகிறதா, விளிம்பைப் பிடித்ததும் தோள் ஒரு குலுக்குக் குலுங்குகிறதா?

இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. முதல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ 1989-ல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. அதை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டு ஓட விட்டு, குதிக்க விட்டு வீடியோ எடுத்தார். பிறகு அந்தப் படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்து இளவரசனின் அசைவை வரைந்தார். ஒரு நிஜ மனிதன் ஓடும் தோரணை அந்தச் சின்ன உருவத்துக்கு வந்தது அப்படித்தான். ஆனால் நிஜ மனிதன் ஓடும்போது நினைத்த நொடியில் நிற்க முடியாதே. அதனால் அந்த இளவரசனும் ஓரிரு எட்டு தள்ளித்தான் நிற்பான். அதைப் பழகுவதுதான் ஆட்டம். அந்தக் கேமில் இளவரசியைக் காப்பாற்ற ஒரு மணி நேரம்தான் அவகாசம். விழுந்தால் நேரம் போனது போனதுதான், திருப்பவே முடியாது.

2003-ல் அதே மெக்னர் கதையை எழுத, பாட்ரிஸ் டெசிலேயின் படைப்புத் தலைமையில் மான்ட்ரியால் குழு அந்த உடம்பை 3டி-க்குக் கொண்டுவந்தது. முன்பு காலம் இளவரசனின் எதிரி. இப்போது அது அவன் கைக்கத்தி. இரண்டையும் ஒரே வாரத்தில் ஆடிப் பார்த்துவிட்டு எழுதினால் உங்கள் விமர்சனத்துக்கு ஒரு ஆழம் தானாக வரும். ‘அசாசின்ஸ் கிரீட்’ பிறந்ததும் இந்தத் தொடரின் அடுத்த கேமாக ஆரம்பித்த வேலையிலிருந்துதான். கூரை கூரையாகத் தாவும் கேம்கள் எல்லாவற்றையும் பற்றி எழுதும்போது இந்த வேர் உதவும்.

இன்னொன்று, மொழி சம்பந்தமானது. சுவரேறித் தாவி ஓடும் வித்தையை ‘பார்க்கூர் அருமை’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். நம்மிடம் இதற்கு எத்தனை வினைச்சொல்! எம்பு, தாவு, தவ்வு, தொற்று, தொங்கு, சறுக்கு, புரள், நழுவு, உந்து, கவ்வு. எம்புவது நின்ற இடத்திலிருந்து. தாவுவது இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு. தொற்றுவது ஒன்றைப் பிடித்து ஒட்டிக்கொள்வது. ‘சுவரில் ஓடி, உந்தித் தாவி, எதிர்த் தூணைத் தொற்றி, சறுக்கி இறங்குகிறான்’ என்று எழுதினால் கேமையே பார்க்காதவருக்கும் அந்த அசைவு கண்ணில் தெரியும். இந்த வேலைக்குத் தமிழைவிட வாகான மொழி எனக்குத் தெரிந்து இல்லை.

வழி கண்ணில் படுகிறதா என்பதையும் இங்கேயே சோதியுங்கள். இந்தக் கேமில் சேவ் செய்யும் இடம் ஒரு மணல் தூண். சண்டை முடிந்ததும் அது எழும்பும். உள்ளே போய் நின்றால் அடுத்துச் செய்யப்போகும் சாகசங்கள் துண்டு துண்டாக ஒரு கனவு மாதிரி ஓடும். வழிகாட்டவும் செய்கிறது, ஆசையும் மூட்டுகிறது. அம்புக்குறி போட்டு வழி காட்டுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை ஒரு பத்தியில் எழுதலாம்.

ஆனால் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. மின்வெட்டு அன்றாடமாக இருந்த நாட்களில், யுபிஎஸ் இல்லாத வீட்டில், அடுத்த மணல் தூணுக்கு இரண்டு தாவல் முன்பு கரண்ட் போய்விட்டது எனக்கு. பத்து விநாடியைத் திருப்பும் கத்தி அந்த இருபது நிமிடத்தைத் திருப்பித் தரவில்லை. சேவ் இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று நம் ஊர் வாசகருக்கு எழுதுவது வெறும் தகவல் இல்லை, பயனுள்ள தகவல்.

படி 4: சண்டை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கேமின் பலவீனம் இங்கேதான்.

எதிரியின் தலைக்கு மேல் கரணமடித்து முதுகுப் பக்கம் இறங்கி வெட்டுவது முதல் இருபது தடவை பேரானந்தம். விழுந்தவனைக் கத்தியால் குத்தி மணலை உறிஞ்சாவிட்டால் மறுபடி எழுந்துவிடுவான். சில எதிரிகள் தலைக்கு மேல் தாவும்போதே தட்டி வீழ்த்துவார்கள், சிலரிடம் சுவரில் உந்திப் பாயும் வெட்டு பலிக்காது. அதனால் யாரிடம் எது எடுபடும் என்று கற்றுக்கொள்ள வேண்டும். நல்ல அடித்தளம். பிரச்சனை, அலை அலையாக வந்துகொண்டே இருப்பது. ஒரு லிஃப்டில் அடைபட்டு நடக்கும் நீண்ட சண்டை ஒன்று உண்டு, ஆடியவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

விமர்சகர் இங்கே செய்ய வேண்டியது, சண்டையைத் தனியாக மார்க் போடாமல் தாவலோடு சேர்த்துப் பார்ப்பது. சண்டை மணலைத் தருகிறது. மணல் தாவலுக்கு மன்னிப்பைத் தருகிறது. அப்படியென்றால் சண்டை அலுப்பூட்டினால், மன்னிப்பின் விலை உழைப்பாக மாறிவிடுகிறது. இந்த முடிச்சை ஒரே வரியில் சொல்ல முடிந்தால் போதும், எதிரிகளின் பட்டியல் தேவையில்லை.

இளவரசனுக்குத் துணையாக வரும் ஃபராவையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். வில்லோடு கூடவே வருவாள். சுவர் விரிசல்களில் நுழைந்து மறுபக்கம் விசையை இழுப்பாள். அவள் செத்தால் ஆட்டம் முடிந்தது. அவள் விடும் அம்பு சில சமயம் இளவரசன் மேலேயே தைக்கும்! துணைப் பாத்திரம் பாரமா, பலமா என்பதற்கு உங்கள் நோட்டிலேயே பதில் இருக்கும்: அவளைக் காப்பாற்றுவதற்காக எத்தனை முறை காலத்தைத் திருப்பினீர்கள், அப்போது எரிச்சல் வந்ததா, பதற்றம் வந்ததா? எனக்குப் பதற்றம்தான் வந்தது.

படி 5: கதையும் காலமும் ஒட்டுகிறதா

காலக் கட்டுப்பாடு பல கேம்களில் ஒரு வசதி மட்டும். கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. இந்தக் கேம் வேறு ஜாதி.

தொடக்கம் முதல் இளவரசனே நடந்த கதையைச் சொல்லிக்கொண்டு வருகிறான். நீங்கள் மணலில்லாமல் விழுந்து செத்தால், அவன் குரல் குறுக்கிடும்: இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை, மறுபடி சொல்கிறேன் என்கிற பாணியில். அதாவது உங்கள் சாவு, அவன் கதை சொல்லும்போது தடுமாறிய தடுமாற்றம். பாட்டி கதை சொல்லும்போது ‘அங்கே புலி அவனைத் தின்னுடுச்சு… இல்லடா கண்ணு, தப்பாச் சொல்லிட்டேன்’ என்று திரும்பிப் போவாளே, அதே சுகம். ‘கேம் ஓவர்’ என்ற அட்டை செய்யாத வேலையை இளவரசனுக்குக் குரல் கொடுத்த யூரி லோவென்தாலின் பேச்சு செய்கிறது. இப்படிக் கதையின் வடிவமும் விரலின் வேலையும் ஒன்றாகும் இடத்தை எந்தக் கேமிலும் தேடுங்கள். இருந்தால் அதற்கு உங்கள் விமர்சனத்தின் நடுப்பகுதியைக் கொடுங்கள்.

கதை எங்கே தொடங்குகிறது என்பதையும் தயங்காமல் எழுதுங்கள். பாரசீகப் படை இந்தியாவில் ஒரு மகாராஜாவின் அரண்மனையைச் சூறையாடுகிறது. காலக் கத்தியை எடுத்துக்கொண்டவன் நம் நாயகன். மகாராஜாவின் மகள் ஃபரா அடிமையாக, அஸாத் நகரத்துச் சுல்தானுக்குப் பரிசுப்பொருளாக இழுத்துச் செல்லப்படுகிறாள். அங்கே வஞ்சக அமைச்சனின் தூண்டுதலில் இளவரசன் மணற்கடிகாரத்தைத் திறந்துவிட, ஊரே அரக்கர் கூட்டமாகிறது. நாயகன் ஒரு கொள்ளைக்காரன், அவன் கூடவே வருபவள் அவனால் வீட்டை இழந்தவள். இந்தியாவில் இருந்து விளையாடுகிறவருக்கு அந்த முதல் காட்சி நெருடும். நெருடத்தான் வேண்டும், கதை அந்தக் குற்றவுணர்ச்சியின் மேல்தான் நிற்கிறது. 2020-ல் அறிவித்த ரீமேக்கின் வேலை முதலில் யுபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டுடியோக்களில்தான் நடந்தது. 2022-ல் அது மான்ட்ரியாலுக்குப் போனது. சூறையாடப்பட்ட அரண்மனையை நம் ஊர்க் கைகள் எப்படி வரைந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இப்போது ஸ்பாய்லர். கடைசிப் பகுதியில் கேம் உங்களிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொள்கிறது. அதன் பிறகு ஒரு உயரமான கோபுரத்தில் ஏற வேண்டும். முதல் தாவலின்போதே என் உள்ளங்கை வியர்த்தது. அதே சுவர், அதே கம்பி, அதே இளவரசன், ஆனால் இதுவரை அலட்சியமாகச் செய்த தாவல் ஒவ்வொன்றும் இப்போது மலை. நான் எழுதியிருப்பதைக் கவனியுங்கள்: என்ன பறிபோனது, ஏன், யார் எடுத்தது என்று சொல்லவில்லை. என் உடம்பில் நடந்ததை மட்டும் சொன்னேன். ஸ்பாய்லர் இல்லாமல் ஒரு நல்ல திருப்பத்தைப் பாராட்ட இதுவே வழி. நிகழ்ச்சியை மூடி வையுங்கள், அது உங்களுக்குச் செய்ததைத் திறந்து காட்டுங்கள்.

படி 6: ஒப்பிடும்போது விலையை ஒப்பிடுங்கள்

காலத்தோடு விளையாடும் கேம்கள் நிறைய. பெயர்ப் பட்டியல் போட்டால் வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது. தப்புக்கு என்ன விலை என்ற அதே அளவுகோலை வையுங்கள்.

ஜோனதன் புளோவின் ‘பிரெய்ட்’ 2008-ல் வந்தது. அங்கே திருப்பலுக்கு அளவே கிடையாது, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். ஆகவே சாவுக்கு விலை பூஜ்யம், பயம் என்ற பேச்சே இல்லை. அந்தக் காலியான இடத்தில் கேம் புதிரை வைக்கிறது: சில பொருட்கள் மட்டும் காலத்தோடு திரும்பாது, அதை வைத்து யோசி என்கிறது. அதே வருஷம் வந்த ‘ரேஸ் டிரைவர்: கிரிட்’ கார்ப் பந்தயத்தில், வண்டி மோதினால் எண்ணி வைத்த சில தடவை மட்டும் பின்னால் போகலாம். அங்கே ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’-இன் மணல் கணக்கு வேறு உருவத்தில் இருக்கிறது.

இதே குடும்பத்தில் 2024 ஜனவரியில் வந்தது ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுன்’, மான்ட்பெலியே ஸ்டுடியோவின் வேலை. நாயகன் சர்கோன், களம் காஃப் மலை, பாரசீக மொழியிலேயே குரல் வைத்துக்கொண்டு ஆடலாம். விழுந்தால் காலத்தைத் திருப்பித் தப்பிக்கும் கத்தி இங்கே இல்லை. முள்ளில் விழுந்தால் உயிரில் கொஞ்சம் போய், கடைசியாகக் கால் பதித்த இடத்துக்குத் திரும்புவீர்கள். அதற்குப் பதிலாக வேறொன்று தருகிறது: நின்ற இடத்தில் உங்கள் நிழலை விட்டுவிட்டுப் போய், வேண்டும்போது அந்த இடத்துக்கே பட்டென்று திரும்பலாம். பழைய கேமில் தப்பு நடந்த பிறகு திருப்புகிறோம். இதில் திரும்பப்போவதை முன்கூட்டியே திட்டமிடுகிறோம். ஒன்று வருத்தம், இன்னொன்று தந்திரம். ஒப்பீட்டுப் பத்தியில் எனக்கு வேண்டியது இந்த மாதிரி ஒரு வெளிச்சம்தான். சர்கோனின் கேமில் திரையில் தெரிவதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வரைபடத்தின் மேலேயே குத்திவைக்கும் வசதி உண்டு. வழி தேடும் கேம் ஆடுகிற எல்லோரும் கேட்டு வாங்க வேண்டிய வசதி அது, ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

படி 7: எழுத உட்காரும்போது

கேம் முடிந்த அன்றே எழுதாதீர்கள். ஒரு இரவு போகட்டும். காலையில் நோட்டைத் திறந்து, அதிகக் கோடு விழுந்த பத்தி எது என்று பாருங்கள். உங்கள் விமர்சனத்தின் வாதம் அங்கே எழுதியிருக்கும்.

தொடக்கத்தில் ஒரு காட்சி, ஐந்து நொடிக்கு மிகாமல். உடனே பதிப்பு, கருவி, எவ்வளவு தூரம் விளையாடினீர்கள் என்பது. பிறகு வாதம். நோட்டிலிருந்து நேராக எடுத்த இரண்டு மூன்று இடங்கள். பிறகு குறைகள், இடம் சொல்லி. கடைசியில் யாருக்கு இது பிடிக்கும், யாருக்கு வேண்டாம். மார்க் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். நான் போடுவதில்லை. போட்டால் வாசகர் அதை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்.

என் பழைய விமர்சனம் ஒன்றிலிருந்து ஒரு வரி: ‘இந்த கேமில் டைம் ரீவைண்ட் செய்யும் வசதி மிகவும் சிறப்பாக உள்ளது. கன்ட்ரோல்கள் எளிமையாக உள்ளன. ஆனால் கேமரா சில இடங்களில் சிரமம் தருகிறது.’ எதுவும் பொய் இல்லை. எந்தக் கேமுக்கும் ஒட்ட வைக்கலாம் என்பதுதான் அதன் குறை.

நோட்டு பழகிய பிறகு அதையே இப்படி மாற்றி எழுதினேன்: ‘மணல் இரண்டு கலம்தான் மிச்சம். எதிரே மூன்று தூண், நடுவில் சுழலும் கத்தி. முதல் தூணில் நானே பிந்தினேன், ஒரு கலம் போனது. இரண்டாவதில் கேமரா என்னைச் சுற்றித் திரும்பியதும் வலது இடதாகிவிட்டது, இன்னொன்றும் போனது. முதலாவதற்கு என்னைத் திட்டிக்கொண்டேன், இரண்டாவதற்கு கேமை. மூன்றாவது தூணை மணலே இல்லாமல் தொற்றியபோது இருவரையும் மன்னித்துவிட்டேன்.’ அதே மூன்று செய்தி, ஆனால் இப்போது அவை ஓர் அறைக்குள் நடக்கின்றன.

மொழியைப் பற்றி இன்னும் ஒன்று. கேமரா, கன்ட்ரோலர், சேவ், பட்டன் இவற்றை அப்படியே எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும். வலிந்து மொழிபெயர்த்தால் வாசகர் சொல்லில் தடுக்கி நிற்பார். வினைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் விடாதீர்கள். ‘ஜம்ப் பண்ணி கிராப் பண்ணி’ என்று எழுதும்போது இளவரசன் ஒரே மாதிரிதான் அசைகிறான்.

படி 8: வெளியிடுவதற்கு முன் ஒரு மணி நேரம்

எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். ஸ்பாய்லர் கசிந்திருக்கிறதா என்று கேம் ஆடாத ஒருவரிடம் காட்டுங்கள், முடிவை அவரால் ஊகிக்க முடிந்தால் அந்த வரியை வெட்டுங்கள். விலை எழுதினால் தேதியோடு எழுதுங்கள், பழைய கேம்களுக்கு ஆன்லைன் கடைகளில் தள்ளுபடி வந்து வந்து போகும். படங்களை நீங்களே எடுங்கள்: தாவலின் நடுவில், இரண்டு காலும் தரையில் படாத நொடியில்.

பிறகு கேமைத் திறந்து, நீங்கள் மிகக் கடுமையாகக் குறை சொன்ன அந்த அறைக்குப் போய் மறுபடி ஒரு தடவை ஆடுங்கள். நான் ஒரு முறை, ஒரு கூடத்தில் கேமரா ஏமாற்றுகிறது என்று அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். வெளியிடுவதற்கு முந்தின ராத்திரி திரும்பப் போய் ஆடினேன். கேமரா நகர்வதற்கு முன்பே நான்தான் குச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஆறு முறை ஆடினேன், ஆறு முறையும் நான்தான். நோட்டை எடுத்து இரண்டாவது பத்தியில் இருந்த கோடுகளை அடித்துவிட்டு, முதல் பத்தியில் போட்டேன். அந்த அரைப் பக்கத்தையும் அழித்தேன்.